வழமை நீங்கலாக

எங்கள் முதியோர் சங்கத்தில் வெள்ளிக்கிழமை காலைகளில் யாராவது ஒருவர் அரை மணி நேரம் பேசவேண்டும் என்பது விதி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தின் பின் அறை, மடக்குக் கதிரைகள், ஒரு பெரிய தேநீர்க் கேத்தல். பேசுகிறவர்கள் எல்லாரும் சீனி வருத்தம், தேவாரம், பேரப்பிள்ளையின் பட்டமளிப்பு என்று இவற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "வேற ஒண்டும் உலகத்தில நடக்கேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கு என் பெயரை எழுதிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

நான் ஒரு சுல்தானைப் பற்றிப் பேசினேன். மலாயாவில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன நாட்டின் சுல்தான். வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் கப்பலேறிப் போய் அங்கே கந்தோர்களில் எழுதிச் சம்பாதித்தார்கள் அல்லவா, என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். அவர் வேலைக்குச் சேரும் முன்பே அந்தச் சுல்தான் காலமாகிவிட்டார். ஆனாலும் மூத்த கிளாக்குமார் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பற்றித்தான் கதைப்பார்களாம். அந்தக் கதைகளை அப்பா எனக்குச் சொன்னார். மிச்சத்தை நூலகத்தில் எடுத்த புத்தகங்களில் வாசித்தேன். எது அப்பா சொன்னது, எது புத்தகம் சொன்னது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. பிரிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

கதை இதுதான். சுல்தானின் தகப்பன் இறந்ததும் சிற்றப்பன்மார் இருவர் சிம்மாசனத்துக்கு அடிபட்டார்கள். ஆற்றின் மேற்பக்கம் ஒருவர், கீழ்ப்பக்கம் ஒருவர், நடுவில் ஈயம் தோண்டும் சுரங்கங்கள். ஈயம் இருந்தபடியால் வெள்ளைக்காரனுக்கும் சமாதானத்தில் திடீரென்று அக்கறை வந்தது. பீரங்கிக் கப்பல் ஒன்று ஆற்றுக்குள் ஏறி வந்தது. சிற்றப்பன்மார் இருவரையும் விலத்திவிட்டு, மீசை சரியாக முளைக்காத இந்தப் பிள்ளையைக் கப்பலின் மேல்தட்டுக்குக் கூப்பிட்டு, நீதான் சுல்தான், உன்னுடைய நாடு இனி எங்கள் பாதுகாப்பில் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று ஒப்பந்தத்தில் இல்லை.

ஒப்பந்தத்தின் முக்கியமான வசனம் எனக்கு மனப்பாடம். சுல்தானோடு ரெசிடென்ற் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருப்பார். எல்லா விடயங்களிலும் அவருடைய ஆலோசனையைச் சுல்தான் கேட்கவேண்டும். கேட்டபடி நடக்கவும் வேண்டும். சமயமும் வழமையும் மட்டும் நீங்கலாக. அதாவது வரி, காணி, பொலிஸ், ரயில் எல்லாம் ரெசிடென்றுக்கு. பள்ளிவாசலும் பழைய பழக்கவழக்கமும் சுல்தானுக்கு. மிச்சம் மீதியைத் தூக்கி எறிவதுபோல் எறிந்தார்கள்.

"அப்ப எங்கட வீட்டு நிலைமைதான்!" என்று பின் கதிரையில் இருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது வெறும் பகிடி இல்லை.

என் மனைவி காலமான அடுத்த வருடம், மிசிசாகாவில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில், என் காரியங்களைப் பார்க்கும் உரிமையை மகளுக்குக் கொடுக்கிற அற்றோணித் தத்துவப் பத்திரத்தில் நானும் கையெழுத்து வைத்தவன். எனக்கு ஒரே மகள். நான்கு வயதில் எங்களோடு பார்க்டேல் அப்பாட்மென்றுக்கு வந்து இறங்கியவள், இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய உத்தியோகம். தாய் போனபிறகு வங்கி, வைத்தியர், வரி, இன்ரநெற் எல்லாவற்றையும் அவளே கையில் எடுத்தாள். கெட்டிக்காரி. கெட்டிக்காரத்தனமாகத்தான் என் கார்த் திறப்பையும் எடுத்தாள். சட்டத்தரணிக்கு முன்னால் பேனையைத் தூக்கியபோது எனக்குச் சுல்தானின் நினைவு வந்துவிட்டது.

"ஒரு நிபந்தனை, பிள்ளை. சமயமும் வழமையும் என்ர பொறுப்பு. அதில நீ தலையிடக் கூடாது" என்றேன்.

"ஷுவர் அப்பா. கல்ச்சர் விசயமெல்லாம் நீங்களே பாருங்கோ" என்றாள், கைத்தொலைபேசியைப் பார்த்தபடி. அந்த வசனத்தின் பெறுமதி அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு அப்போது ஒரு திட்டம் இருந்தது. ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு நான் மிசிசாகாவில் அவளுடைய வீட்டுக்கு வந்துவிடவேண்டும். கீழ்த்தளத்தைத் திருத்தி, தனிக் குளியலறை போட்டு, கைபிடிக் கம்பிகள்கூடப் பூட்டி வைத்திருந்தாள். நல்ல பிள்ளைகள் செய்கிற வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இந்த வீடு வேண்டும். இரண்டு வேலை செய்து வாங்கிய வீடு. பின்வளவில் என் மனைவி நட்ட கறிவேப்பிலை, பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளேயும் கோடையில் வெளியேயும் போய்வந்து இன்னமும் உயிரோடு இருக்கிறது. இதை விட்டுவிட்டு இன்னொருவர் வீட்டின் கீழ்த்தளத்தில் விருந்தாளியாக இருக்க என்னால் முடியாது. முடியாது என்று நேரே சொன்னால் அவள் நியாயங்களை அடுக்குவாள், நான் தோற்றுப்போவேன். ஆகவே சுல்தான் செய்ததை நானும் செய்தேன்.

சுல்தான் என்ன செய்தார் என்பதுதான் என் இரண்டாம் வெள்ளிக்கிழமைப் பேச்சு. ரயில் வந்தபிறகு அரச யானைகளுக்குத் தீனி வீண் செலவு, விற்றுவிடலாம் என்றார் ரெசிடென்ற். சுல்தான் மறுக்கவில்லை. "நல்ல யோசனை. ஆனால் அரசகுமாரனுக்கு விருத்தசேதனம் நடக்கும்போது யானைமேல் ஊர்வலம் போவது வழமை" என்றார். யானை தப்பியது. ஆற்றங்கரைச் சந்தையை ரயில் நிலையத்தடிக்கு மாற்றவேண்டும் என்றார் ரெசிடென்ற். முடிசூட்டின்போது சுல்தான் குளித்து ஏறுகிற துறை அந்தச் சந்தையடிதான், அங்கே சனம் கூடி நிற்பது வழமை என்றார் சுல்தான். சந்தை தப்பியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அரண்மனை முரசு அடிக்கிற சத்தத்தில் கந்தோரில் எழுத முடியவில்லை என்று முறைப்பாடு வந்தது. அதுவும் வழமைதான். எழுத முடியாமல் பேனையை வைத்துவிட்டு இருந்தது எங்கள் ஆட்கள். அவர்களுக்கு அந்த முரசில் மெத்தப் பிரியம் என்று அப்பா சொல்லுவார்.

இதில் விசயம் என்னவென்றால், எது வழமை என்று ரெசிடென்றுக்கு எப்படித் தெரியும்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுல்தானிடம்தான் கேட்கவேண்டும். ஆலோசனை சொல்ல வந்த மனிதர், காலையில் எழும்பி, "இது வழமைக்கு விரோதமோ?" என்று கேட்டுக் கேட்டு ஆலோசனை வாங்கத் தொடங்கினார். ஒரு ரெசிடென்ற் மாறி இன்னொரு ரெசிடென்ற் வருவார். அவருக்கு இன்னும் குறையத் தெரியும். சுல்தான் மட்டும் அப்படியே இருந்தார். முடிசூட்டு விழா ஒன்றுக்கு லண்டனுக்குப் போனார், குளிரில் நடுங்கினார், திரும்பி வந்து, குளிர் நாட்டுக்காரர்கள் ஏன் இங்கே வருகிறார்கள் என்று இப்போது விளங்குகிறது என்றாராம். வழமை என்ற சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனோடு வழக்காடுவது எங்களுக்கும் தெரியாததல்ல. தேசவழமை என்று ஒரு சட்டத்தையே வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள்.

கனடாவில் வளர்ந்த என் மகளுக்கு எது வழமை என்று எப்படித் தெரியும்? என்னிடம்தான் கேட்கவேண்டும். ஆடியில் வீடு மாறக்கூடாது என்றேன், அது உண்மை. மார்கழியிலும் கூடாது என்றேன், அதுவும் உண்மை. இடையில் வந்த மாதங்களுக்கு நானே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். நான் தனியே விழுந்தால் அமத்தவென்று, அபாய மணியோடு ஒரு மாலையைக் கழுத்தில் போடக் கொண்டுவந்தாள். எங்கள் குடும்பத்து ஆம்பிளைகள் கழுத்தில் பொன்னைத் தவிர வேறொன்றும் போடுவதில்லை என்றேன். கடைசியாகப் பெரிய பீரங்கியை எடுத்தேன். தாய்க்குப் பறுவ விரதம் பிடிக்கிறவள் அவள். பறுவம் என்கிற பூரணை நாளில் சமைத்துப் படைத்துத்தான் சாப்பிடுவாள். "அந்தப் படையல், செத்த ஆள் சமைச்ச குசினியிலதான் சமைக்கவேணும், பிள்ளை. வேற வீட்டில சமைச்சா அம்மாவுக்குப் போய்ச் சேராது" என்றேன். முகத்தை அசைக்காமல் சொன்னேன்.

"சரி அப்பா" என்றாள். அதற்குப் பிறகு வீடு விற்கிற கதை எழவில்லை. பறுவத்துக்குப் பறுவம் மிசிசாகாவில் இருந்து ஒரு மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு வருவாள். வாழைக்காயும் பூசணியும் வெட்டி, பருப்பு அவித்து, பின்வளவில் இலையில் வைப்பாள். இங்கே காகத்தை நம்பி இருக்க முடியாது. அணில்தான் முந்திக்கொண்டு வரும். "இது பரவாயில்லையோ அப்பா?" என்று கேட்டாள் ஒருமுறை. கனடாவில் அணிலும் ஏற்கும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

சங்கத்தில் என் பேச்சு நன்றாக எடுபட்டது. பத்தரை மணிக்குப் பிள்ளைகள் ஏற்றிப்போக வந்து நிற்கும்போது, "என்ர ரெசிடென்ற் வந்திட்டார், போட்டு வாறன்" என்று ஆட்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டுத்தான் வழமை என்று மருமகளிடம் சாதித்துவிட்டு வந்து எனக்குக் கை தந்தார். நான் கொஞ்சம் மிதப்பில் இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை பாலத்தின் கதை. அந்த ஆற்றுக்கு ஒரு பாலம் போடவேண்டும் என்று ரெசிடென்ற் பலமுறை கேட்டார். சுல்தான் விடவில்லை. அரச படகு கீழே போகும்போது, மேலே பாலத்தில் குடிமக்களின் கால்கள் மன்னனின் தலைக்கு மேலே நிற்குமே, அது வழமைக்கு விரோதம் என்றார். பாலம் வரவில்லை. சனம் தோணியில் கடந்தது. நெடுங்காலத்துக்குப் பிறகு, தலை நரைத்தபின், அவரே ஒருநாள் ரெசிடென்றைக் கூப்பிட்டுப் பாலத்தைக் கட்டச் சொன்னார். மன்னன் முதலில் நடந்து போனால் மற்றவர்கள் பின்னால் நடக்கலாம், அப்படியும் ஒரு வழமை இருக்கிறது என்றார். பாலம் முடிந்ததும் வெறுங்காலோடு முதல் ஆளாக நடந்தார். அடுத்த வருடமே காலமானார். அருமையான முடிவு என்று நினைத்து, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினேன்.

மட்டக்களப்புப் பக்கத்து அம்மா ஒருவர் முன் வரிசையில் இருந்தார். வாவிக்கு அக்கரையில் பிறந்து வளர்ந்தவர், தோணியில் பள்ளிக்கூடம் போனவர். அவ்வளவு நாளும் வாயே திறக்காதவர், கையை உயர்த்தினார்.

"அண்ணை, அதுவரைக்கும் மாரி வெள்ளத்தில தோணியில போன சனம் என்ன பாடு? அள்ளுப்பட்டிருக்குமே."

"இருக்கும்" என்றேன்.

"எத்தின மாரிக்குப் பிறகு அந்த மனிசனுக்கு உறைச்சது?"

புத்தகத்தில் அது இல்லை, அப்பாவும் சொல்லவில்லை என்று சொன்னேன். "கேட்டிருக்க வேணும்" என்றார் அவர். பிறகு தேநீரை எடுத்துக்கொண்டு திரும்பி இருந்துவிட்டார். எனக்குக் கோபம். சுல்தானின் சாதுரியத்தை விட்டுவிட்டுத் தோணிக் கதை கதைக்கிறாவே என்று வீடு வந்து சேரும்வரை மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

அடுத்த கிழமை மாசிப் பறுவம். காலையில் இருந்தே பனி. பத்து மணிக்கு மகள் தொலைபேசி எடுத்து, "வெளிக்கிட்டிட்டன் அப்பா" என்றாள். பகல் பதினொன்றரைக்கு வந்திருக்கவேண்டும். பன்னிரண்டுக்கு யன்னலால் பார்த்தேன், எதிர்வீடு தெரியவில்லை. பனி நேராக விழாமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் 401 பெருந்தெருவைக் காட்டினார்கள். லொறிகள் குறுக்கே நின்றன, கார்கள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி நின்றன. அவளுடைய தொலைபேசிக்கு அடித்தேன். அவளுடைய குரலே, இப்போது பேச முடியாது, செய்தியை விடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது. திரும்ப அடித்தேன். திரும்பவும் அதே குரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை இந்தப் புயலுக்குள் ஏன் வருகிறது? நான் சொன்ன ஒரு பொய்க்காக வருகிறது. வராமல் விட்டால் தாய்க்குச் சோறு போய்ச் சேராது என்று நினைத்து வருகிறது. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று, நான் பெற்ற ஒன்றே ஒன்றை ஆற்றுக்குள் இறக்கிவிட்டு யன்னலடியில் நிற்கிறேன். மட்டக்களப்பு அம்மாவின் கேள்விக்கு எனக்கு அந்த நேரம் பதில் தெரிந்தது. சுல்தானுக்கு நெருங்கிய யாரோ ஒருவர் தோணியில் போயிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு மனிதனுக்கு இப்படி உறைக்காது. நான் சாமியறைக்குப் போய் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

மாலை நாலரைக்குக் கார் வந்தது. படிக்கட்டுப் பனியைக் கூட்டாமல் செருப்போடு இறங்கிப் போனேன். அவள் காரின் பின்கதவைத் திறந்து மரக்கறிப் பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். போன் சார்ஜ் இறங்கிவிட்டதாம், பிறம்ரன் போகிற லொறிகள் இரண்டு மோதி வழியை மறித்துவிட்டனவாம், அசையாமல் காருக்குள்ளேயே இருந்தாளாம். "சொக்ஸும் போடாமல் வந்திருக்கிறியள்! உள்ள போங்கோ!" என்று என்மேல் பாய்ந்தாள். வாழ்நாளில் ஒரு ஏச்சு அவ்வளவு இனிப்பாக எனக்கு இருந்ததில்லை.

குசினிக்குள் வந்து, குளிரில் கறுத்துப்போன வாழையிலையை ஈரத்துணியால் துடைத்தாள். நான் பூசணியை வெட்ட இருந்தேன்.

"பிள்ளை, இனிமேல் பனிக்காலத்தில உன்ர வீட்டிலயே சமைச்சுப் படை" என்றேன்.

"இந்தக் குசினியிலதான் வழமை எண்டு சொன்னனீங்கள்?"

"அது... இடத்துக்குத் தக்க மாதிரி மாத்தலாம்."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நான் போன வருசமே கோயில் ஐயரிட்டக் கேட்டனான் அப்பா. உப்பிடி ஒரு வழமை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். கழுத்தில மாலை போடாத கதையையும் கேட்டனான். அவர் சிரிச்சவர்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். "பின்ன ஏன் வந்தனீ? இந்த ஸ்னோவுக்குள்ள?"

"நான் சும்மா வாறன் எண்டா, வேண்டாம், கரைச்சல் படாத எண்டு சொல்லுவியள். வந்தாலும் நிண்டநிலையில தேத்தண்ணி தந்து அனுப்பிப்போடுவியள். பறுவத்தண்டு மட்டும்தான் என்னோட இருந்து சாப்பிடுறியள்." பருப்பைக் கிண்டினாள். "எனக்கும் அம்மா இல்லைத்தானே அப்பா."

வீடு என்று ஒன்றுக்காக இத்தனை நாளும் அவளோடு மல்லுக்கட்டிய நான், அவளுக்கும் தாய் போனாள் என்பதை ஒருநாளும் நின்று நினைக்கவில்லை. பூசணியை வெட்டி முடித்தேன். படைத்தோம். பின்கதவைத் திறந்து இலையை வைக்க முடியாத அளவு பனி. யன்னல் விளிம்பில் ஒரு கிண்ணத்தில் வைத்தோம். இருவரும் இருந்து சாப்பிட்டோம். பூசணிக்கறிக்கு உப்புக் காணாது என்று நான் சொன்னேன், அவள் மூக்கைச் சுளித்தாள், தாய் சுளிப்பதுபோலவே.

சாப்பிட்ட இலைகளை மடித்து வைத்துவிட்டு அவள் எழும்பி நின்றாள். கந்தோரில் கூட்டம் நடத்துகிற குரலில் பேசினாள்.

"அப்பா, மாசிப் பறுவம் முடிஞ்சா, பனி கரையுமட்டும் தகப்பன் மகளின்ர வீட்டில வந்து இருக்கவேணும். அது வழமை."

"எந்த ஊர் வழமை?"

"எங்கட ஊர். உங்களுக்குத் தெரியாதோ?" கண் சிமிட்டாமல் பார்த்தாள். என்னிடம் படித்த பார்வை. "வீடு எங்கயும் ஓடாது. விக்கமாட்டன். வீட்டுத் திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும். சித்திரையில நானே கொண்டந்து விடுறன்."

நான் யோசித்தேன். யாழ்ப்பாணத்திலும் இல்லை, மலாயாவிலும் இல்லை, எந்தத் தேசத்து வழமையிலும் அப்படி ஒன்று இல்லை. அவளும் அதை அறிவாள். கறிவேப்பிலைச் சாடியைக் காரில் எங்கே வைப்பது என்று மட்டும்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

"ஓம் பிள்ளை" என்றேன். "அது மெத்தப் பழைய வழமை." உடுப்புகளை அடுக்க மேல்மாடிக்குப் போனேன்.